பதினோராயிரம் வரிகளில் ஒன்று

பேராசிரியர் ஓய்வு பெற இன்னும் நாற்பது நாள்தான் பாக்கி. முப்பத்தாறு வருடமாக ஒரே துறை, ஒரே மாடி, ஒரே அறை. அந்த அறையில் மூன்று அலமாரி நிறையப் புத்தகங்கள் இருந்தன, சுவர் நிறைய அவர் வாங்கிய பட்டயங்கள் தொங்கின. அவற்றில் ஒன்றைப் பற்றியும் அவருக்குக் கவலை இல்லை. தன் ப்ரோக்ராமை யாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவது என்பதுதான் ஒரே கவலை. "பொண்ணைக் கட்டிக்கொடுத்தப்பகூட மனுஷன் இப்படி அல்லாடலையே!" என்று அவர் மனைவி சொன்னார். மனைவி பல் மருத்துவர். ஊரார் வாயைத் திறக்கவைத்தே பழகியவர், தன் வாயையும் மூடிவைப்பதில்லை.

கெமிக்கல் இன்ஜினியரிங் என்றதும் ஆசிட், புகை, கண்ணாடிக் குடுவை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இவர் ஆயுளில் ஒரு குடுவையை உடைத்ததில்லை, ஏனென்றால் தொட்டதே இல்லை. எல்லாம் கணினிக்குள்தான். அப்பா குழாய் பொருத்துகிறவர். பிள்ளை படித்து, குழாய்க்குள் திரவம் எப்படிப் போகிறது என்று ஆராய்ச்சி செய்யக் கிளம்பியபோது அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "தண்ணி வருதான்னு நான் திறந்து பார்த்துச் சொல்றேன். இவன் கணக்குப் போட்டுச் சொல்றானாம். நல்லா இருக்குடா உங்க படிப்பு!" என்பார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லியே மகனைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டார்.

தண்ணீர் என்றால் பரவாயில்லை, சாது. பெயிண்ட், பசை, ஷாம்பு இதெல்லாம் அப்படியில்லை. அவற்றுக்குள் பாலிமர் இருக்கிறது. பாலிமர் என்றால் நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறு. சும்மா இருக்கும்போது சுருண்டு கிடக்கும். திரவத்தை வேகமாக இழுத்தால் சங்கிலியும் நீளும், நீண்ட சங்கிலி திரும்பச் சுருங்கப் பார்க்கும், அதனால் திரவம் முரண்டு பிடிக்கும். எவ்வளவு வேகத்துக்கு எவ்வளவு முரண்டு? இந்த ஒரு கேள்வியைத்தான் அவர் முப்பத்தாறு வருடம் கட்டிக்கொண்டு அழுதார்.

சங்கிலியை மணிகளாகவும் மணிகளுக்கு நடுவே ஸ்பிரிங்குகளாகவும் வைத்துக்கொண்டு, கணினியில் கணம் கணமாக நகர்த்திப் பார்ப்பது அவர் வழி. அதில் ஒரு தொல்லை. வேகம் கூடினால் ஏதாவது ஒரு கணத்தில் ஒரு சங்கிலி தன் முழு நீளத்தையும் தாண்டிக் குதித்துவிடும். நிஜத்தில் நடக்கவே முடியாத காரியம், கணக்கில் நடந்துவிடும். அவ்வளவுதான், ப்ரோக்ராம் படுத்துவிடும். அந்தக் காலத்தில் இந்தத் துறையில் இருந்த அத்தனை பேரும் இதோடு மல்லுக்கட்டித் தோற்றவர்கள்தான்.

அவருக்கு முப்பத்தொரு வயதில் அது சரியானது. அவர் மகள் பிறந்த வாரம். வெள்ளிக்கிழமை காலையில் கணத்தின் அளவைப் பாதியாக்கி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் மைத்துனனிடமிருந்து போன். "அத்தான், அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். கணக்கெல்லாம் அப்புறம் போட்டுக்கலாம், கிளம்பி வாங்க!" ப்ரோக்ராமை ஓடவிட்டுவிட்டு ஓடினார். மகள் பிறந்து, மனைவிக்குக் காய்ச்சல் கண்டு, அலைந்து திரிந்து பத்து நாள் கழித்து வந்து பார்த்தால், ப்ரோக்ராம் விழாமல் கடைசி வரை ஓடி முடிந்திருந்தது. மகள் பிறந்த யோகம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். கணத்தைப் பாதியாக்கியதுதான் காரணம் என்று அவர் சொன்னார்.

வந்த முடிவும் லேசுப்பட்டதில்லை. இழுக்கும் வேகம் கூடக் கூட முரண்டு ஏறிக்கொண்டே போய், ஒரு இடத்தில் சட்டென்று ஏற்றத்தை நிறுத்திவிட்டுச் சமதரையாகப் போனது. யாரும் எதிர்பார்க்காத விஷயம். அந்த வேகத்தில் அளந்து பார்க்க அப்போது கருவி கிடையாது. கட்டுரை வெளியானது, பெயர் வந்தது, விமானப் பயணங்கள் வந்தன. மாணவர்கள் அவருக்குத் 'தட்டை' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். காதில் விழுந்தும் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளுக்குள் குளிர்ந்திருக்கும், மனுஷன்தானே.

அதற்கு ஆறு வருடம் கழித்து ஒரு பெண் அவரிடம் ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்தாள். எதை எடுத்தாலும் குத்திக் குத்திக் கேட்பாள் என்பதால் 'ஊசி' என்று பெயர். பேராசிரியருக்கு அவளை மிகவும் பிடித்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில்தான் சாப்பாடு. பல் மருத்துவர் அவளுக்குப் பரிமாறிக்கொண்டே கணவரைக் குறை சொல்லுவார், அவள் சாரை விட்டுக்கொடுக்காமல் சண்டை போடுவாள். "என்னம்மா, உனக்கு ரெண்டு கைச் சோறு போடறது நானு, நீ அவருக்கு வக்காலத்தா?" என்று மருத்துவர் பொய்யாகக் கோபித்துக்கொள்வார்.

பேராசிரியருக்கு ஒரு விதி இருந்தது. அவருடைய மாணவர் யாரும் அவருடைய ப்ரோக்ராமைப் பார்க்கக்கூடாது. முதல் வரியிலிருந்து சொந்தமாக எழுத வேண்டும். எழுதி ஓட்டி, வந்த விடையை அவருடைய விடையோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் மேலே போகலாம். நல்ல விதிதான், குறை சொல்ல முடியாது. ஆனால் ஒத்துப்போகாவிட்டால் யாருடையது தப்பு என்பதை அந்த விதி சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஊசி ஒரு வருடத்தில் எழுதி முடித்தாள். கணத்தை ஆயிரத்தில் ஒன்றாகச் சிறிதாக்கி, சங்கிலி தாண்டிக் குதிக்காமல் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு முறையே கண்டுபிடித்திருந்தாள். விழாமல் ஓடியது. ஆனால் அவளுடைய படத்தில் சமதரை இல்லை. முரண்டு ஏறிக்கொண்டே போனது.

"எங்கயோ தப்பு பண்ணியிருக்க. தேடு" என்றார் பேராசிரியர்.

தேடினாள். ஒரு மாதம் கழித்து வந்து, "கிடைக்கல சார்" என்றாள்.

"கிடைக்கலன்னா இல்லைன்னு அர்த்தமா? சரியாத் தேடல. மறுபடி தேடு."

இப்படியே மூன்று வருடம். ப்ரோக்ராமை இரண்டு முறை அடியோடு அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினாள். மூன்று முறையும் அதே படம். அவளோடு சேர்ந்தவர்களெல்லாம் வேறு வேறு தலைப்பில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கருத்தரங்குக்கு அவளை அனுப்பவில்லை. கட்டுரை எழுத விடவில்லை. ஒருமுறை துறைக் கூட்டத்தில், எல்லோர் எதிரிலும், "கடிதம் எழுதற மாதிரி ப்ரோக்ராம் எழுதினா இப்படித்தான் ஆகும்" என்று சொல்லிச் சிரித்தார். கெட்ட எண்ணம் கிடையாது. முரட்டு நம்பிக்கை. அதுதான் இன்னும் மோசம்.

ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. மேசையைத் துடைத்து, சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேராசிரியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்து நாள் பொறுத்துப் பார்த்தார், பிறகு வீம்பு வந்துவிட்டது. "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பொறுமை இல்ல" என்று சொல்லிவிட்டு, அடுத்து வந்தவர்களுக்கெல்லாம் தன் ப்ரோக்ராமையே தூக்கிக் கொடுத்துவிட்டார். விதி அவளோடு போனது. அதன்பின் எல்லோருக்கும் சமதரை ஒழுங்காக வந்தது. வராமல் என்ன செய்யும்?

இப்போது இருபத்து நான்கு வருடம் கழித்து, ஓய்வுக்கு நாற்பது நாள் இருக்கையில், துறையின் கணினிக்காரரிடம் தன் ப்ரோக்ராமின் பதினோராயிரம் வரிகளையும் கொடுத்து, இன்றைக்குப் புழக்கத்தில் இருக்கும் மொழிக்கு மாற்றித் தரச் சொன்னார். கணினிக்காரர் நரைத்த மீசையும் எந்நேரமும் வாயில் மிளகு மிட்டாயுமாக இருக்கிற ஆள். பாலிமர் என்றால் பிளாஸ்டிக் வாளி என்பதற்கு மேல் அவருக்குத் தெரியாது. அதனால்தான் வரி வரியாகப் படித்தார்.

மூன்றாம் நாள் மதியம் கணினிக்காரர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அறைக்கு வந்தார். "சார், ஒரு சந்தேகம். ஏழாயிரத்து இருநூத்துச் சொச்சத்துல ஒரு வரி இருக்கு. இதை மாத்தணுமா, விட்டுடலாமா?"

"எந்த வரி?"

"சங்கிலி முழு நீளத்துல நூத்துக்குத் தொண்ணூத்தெட்டைத் தாண்டினா, தொண்ணூத்தெட்டுலயே நிறுத்துன்னு இருக்கு. பக்கத்துல நீங்களே குறிப்பு எழுதியிருக்கீங்க. 'தற்காலிகம். திங்கட்கிழமை எடுக்க வேண்டும்'னு. எடுத்துடட்டுமா?"

குறிப்புக்குக் கீழே தேதி இருந்தது. மகள் பிறந்ததற்கு முந்தைய நாள்.

பேராசிரியருக்கு எல்லாம் கண்முன்னால் வந்து நின்றது. கணத்தைப் பாதியாக்கியும் ப்ரோக்ராம் விழுந்துகொண்டுதான் இருந்தது. மைத்துனன் போன் செய்தபோது அவர் ஒரு காலைச் செருப்பில் விட்டுக்கொண்டே, ஆஸ்பத்திரியில் இருக்கும் இரண்டு நாள் அது விழாமல் ஓடட்டும் என்று அவசரத்தில் அடித்துப் போட்ட வரி அது. நீளும் சங்கிலியைக் கையால் பிடித்து நிறுத்துகிற வரி. பத்து நாள் கழித்து மகளின் முகம் மட்டும்தான் அவர் நினைவில் இருந்தது, வரி மறந்துபோனது.

"சார், தண்ணி வேணுமா?" என்றார் கணினிக்காரர். பேராசிரியரின் முகம் அப்படி இருந்தது.

"வரியை எடுத்துட்டு, கணத்தை ஆயிரத்துல ஒண்ணாக்கி ஓட்டுங்க" என்றார் அவர்.

இன்றைய கணினிக்கு அது ஒரு காலைப்பொழுது வேலை. மறுநாள் பதினொரு மணிக்குப் படம் வந்தது. சமதரை இல்லை. ஏறிக்கொண்டே போனது. பேராசிரியர் அலமாரியின் அடித்தட்டில் கிடந்த ஊசியின் பழைய கோப்பை எடுத்து, அவளுடைய படத்தையும் இதையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தார். இரண்டு கோடும் ஒரே கோடாகத் தெரிந்தது. அடக் கடவுளே என்று வாய்விட்டுச் சொன்னார். பிறகு அங்கேயே நின்றுகொண்டிருந்தார், கை வலித்த பிறகும்.

சாயங்காலம் வீட்டில் மனைவி கேட்டார், "என்ன, பேயடிச்ச மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?"

சொன்னார். ஒன்றுவிடாமல் சொன்னார். பத்திரிகைக்கு எழுதி முப்பத்து நான்கு வருடத்துக்கு முந்தைய கட்டுரையைத் திரும்பப் பெறப்போவதாகச் சொன்னார். பட்டயங்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றார், தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்றார்.

"உங்க தலை கிடக்கட்டும்" என்றார் மனைவி. "முதல்ல அந்தப் பொண்ணு கிட்டப் போய்ச் சொல்லுங்க. அப்புறம் உலகத்துக்குச் சொல்லிக்கலாம்."

"அவ எங்க இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மனைவி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்குத் தெரியும். பெயிண்ட் கம்பெனில இருக்கா, தரம் பார்க்கிற பிரிவுல. வருஷத்துக்கு ஒரு தடவை எங்கிட்டத்தான் பல்லைக் காட்ட வருவா. தூக்கத்துல நறநறன்னு கடிச்சுக் கடிச்சு பல்லெல்லாம் தேஞ்சுபோச்சு அவளுக்கு. ஒவ்வொரு தடவையும், சார் நல்லா இருக்காரான்னு கேட்பா. உங்க கிட்டச் சொல்லக்கூடாதுன்னு கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கிட்டா. நான் என்ன செய்ய?"

பேராசிரியர் சாப்பிடாமல் எழுந்துகொண்டார்.

இரண்டு நாள் கழித்து அந்தக் கம்பெனிக்குப் போனார். போகும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனப்பாடம் செய்துகொண்டே போனார். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். புதிய கட்டுரையில் அவள் பெயரை முதலில் போட வேண்டும். பல்கலைக்கழகத்தோடு சண்டை போட்டாவது அவளுக்குப் பட்டம் வாங்கித்தர வேண்டும். கொஞ்சமாவது ஈடு செய்துவிட்டால், தன்னை அவள் மன்னித்துவிட்டால், மீதி நாளை ஓட்டிவிடலாம். அவருடைய ஆசை அவ்வளவுதான்.

பெயிண்ட் வாசனை அடிக்கும் சின்ன அறை. மேசைமேல் வரிசையாக டப்பாக்கள். அடியில் துளை போட்ட ஒரு உலோகக் கோப்பையை நிரப்பி, பெயிண்ட் ஒழுகி முடிய எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரத்தை அழுத்தி எண்ணிக்கொண்டிருந்தாள் ஊசி. தலை பாதி நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்ததும் கடிகாரத்தை நிறுத்த மறந்துவிட்டாள்.

"சார்! நீங்களா? சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே. உட்காருங்க, முதல்ல உட்காருங்க" என்று நாற்காலியைத் துணியால் துடைத்துப் போட்டாள். டீ வரவழைத்தாள். அக்கா எப்படி இருக்காங்க, பாப்பாவுக்கு எத்தனை குழந்தை என்று விசாரித்தாள். அவள் சொன்ன பாப்பாவுக்கு முப்பத்து நான்கு வயது.

மனப்பாடம் செய்ததெல்லாம் பறந்துவிட்டது. அவர் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து அவள் முன்னால் வைத்தார். ஒன்றில் அந்த வரி. மற்றொன்றில் ஒன்றின்மேல் ஒன்றாக வரைந்த இரண்டு படங்கள். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். ஒரு முறை படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"இது யாரோட ப்ரோக்ராம் சார்?"

"என்னோடது."

"அப்போ என்னோடதுல தப்பு?"

"இல்லம்மா."

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட இல்ல. மூணு தடவை எழுதினியே, மூணுமே சரி. நான்தான்... அன்னிக்கு அவசரத்துல போட்டேன், எடுக்க மறந்துட்டேன். எடுக்க மறந்ததையும் மறந்துட்டேன்."

அவள் அழவில்லை. கோபப்படவும் இல்லை. தாளில் அந்த வரியின்மேல் விரலை வைத்து மெல்லத் தேய்த்தாள்.

"இந்த வரியை நானும் எழுதினேன் சார்" என்றாள்.

"என்ன?"

"கடைசி வருஷம். எதை மாத்தினாலும் உங்க தட்டை வரவே இல்ல. ஒரு நாள் வெறுத்துப்போய், சங்கிலியை நானே பிடிச்சு நிறுத்தினேன். இதே மாதிரி ஒரு வரி. உடனே வந்துடுச்சு. உங்க படம் அச்சு அசலா என் திரையில நின்னுச்சு. அதைப் பார்த்ததும் எனக்கு என் மேலயே அருவருப்பா ஆயிடுச்சு. சார் நேர்மையா உழைச்சுக் கண்டுபிடிச்சதை நான் ஏமாத்தி வரவழைச்சிருக்கேனேன்னு. இன்னும் ஒரு வாரம் அங்க இருந்தா அதையே என் ஆராய்ச்சின்னு கொடுத்துடுவேனோன்னு பயந்துட்டேன். அதான் சொல்லாமக் கொள்ளாம ஓடிட்டேன்."

பேராசிரியர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "என்னோடதுலயும் இப்படி ஒரு வரி இருக்குமோன்னு உனக்கு ஒரு தடவை கூடவா தோணல? எல்லாத்தையும் குத்திக் குத்திக் கேட்பியே!"

"உங்களோடதுலயா?" அவள் நிஜமாகவே திகைத்துப்போனாள். "தோணல சார். உங்களைப் போய் அப்படி நினைப்பேனா?"

இதைவிட அவள் செருப்பைக் கழற்றி அடித்திருக்கலாம். அவர் கட்டுரையைப் பற்றிச் சொன்னார், அவள் பெயர் முதலில் வரும் என்று சொன்னார். அவள் சரி என்று தலையாட்டினாள். பட்டத்தைப் பற்றிச் சொன்னபோது, "எனக்கு ஐம்பத்திரண்டு வயசு சார், இப்ப அதை வாங்கி எங்க மாட்டறது?" என்று மட்டும் கேட்டாள். மன்னித்துவிட்டேன் என்றும் அவள் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தப்புச் செய்தவர் அவர்தான், தான் இல்லை என்பதே அவளுக்கு இன்னும் எட்டவில்லை. வந்த காரியம் கைக்குச் சிக்காமல் நழுவுவதை அவர் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"என்னைத் திட்டும்மா" என்றார் கடைசியில். கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும். "உன் வாழ்க்கையையே கெடுத்திருக்கேன். நாலு வார்த்தை நல்லாத் திட்டிடு. கேட்டுட்டுப் போறேன்."

ஊசி வாயைத் திறந்தாள். யோசித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"வரலையே சார். இருபத்துநாலு வருஷமா என்னையே திட்டித் திட்டிப் பழகிட்டேன். திடீர்னு ஆளை மாத்தச் சொன்னா எப்படி?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. பேராசிரியரும் அழுதார், கையில் ஆறிப்போன டீயோடு, சின்னப் பிள்ளை மாதிரி. அடுத்த டப்பாவை எடுத்துக்கொண்டு வந்த தொழிலாளி கதவைத் திறந்து, இருவரையும் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு திரும்பிப் போனார்.